பெயரின் வாலைப் பிடித்து

ருஷ்யப் படைகள் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உக்ரைனுக்குள் புகுந்த நாள் முதலாக, பத்திரிகைகளில் அடுக்கடுக்காக வந்துகொண்டிருக்கும் அத்தேசத்துப் பெயர்களை வாசித்துப் பழகிய நம்மவர்களிடையே ஒரு புதிய சாமர்த்தியம் தோன்றியிருக்கிறது. 'என்கோ' என்று முடிந்தால் உக்ரைன்காரர், 'ஓவ்' என்று முடிந்தால் ருஷ்யர், 'ஸ்கி' என்று முடிந்தால் போலந்துக் கலப்பு என்று, பெயரின் வாலைப் பிடித்துப் பார்த்தே ஆளின் தேசத்தையும், தேசத்தைக் கொண்டு அவருடைய விசுவாசத்தையும், விசுவாசத்தைக் கொண்டு யுத்தத்தின் நியாயத்தையும் நிர்ணயித்துவிடுகிற சாமர்த்தியம் அது. வாசகசாலைத் திண்ணையில் மட்டுமன்றி, படித்தவர்கள் கூடிப் பேசும் விவாத மேடைகளிலும் இந்த ஜோசியம் செலாவணியாகிறது. இதில் பாதி உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களின் சரித்திரத்தைச் சற்றுக் கிளறிப் பார்த்தவர்கள், அவை அவற்றைத் தாங்குகிற மனிதர் யார் என்பதைக் காட்டிலும், அவற்றை முதன்முதலில் ஏட்டில் பதிந்த எழுத்தன் யார் என்பதையே நமக்கு அதிகமாகச் சொல்லுகின்றன என்பதைக் காணாமல் இருக்க முடியாது.

பாதி உண்மையை முதலில் பார்ப்போம். ருஷ்ய பாஷையில் 'ஓவ்', 'யெவ்', 'இன்' என்னும் விகுதிகள் உடைமைப் பொருளைத் தருவன. இவானோவ் என்றால் இவானுடையவன்; பெத்ரோவ் என்றால் பியோத்தருடையவன்; குஸ்நெத்ஸ் என்பது கொல்லனுக்குப் பெயராதலால் குஸ்நெத்ஸோவ் கொல்லனுடையவன்; பொப் என்பது ஊர்க் குருவானவரைக் குறிப்பதால் பொப்போவ் குருவானவருடையவன்; பெயர் 'ஆ' என்னும் ஓசையில் முடிந்தால் மட்டும் நிகீத்தா நிகீத்தின் ஆவதுபோல 'இன்' வந்து சேரும். பழைய ருஷ்யாவில் அறிமுகமில்லாத ஒருவனைக் கண்டால் 'நீ யாருடையவன்?' என்று வினவுவது வழக்கமாயிருந்தது. அந்த வினாவுக்கு உரிய விடைதான் நாளடைவில் இறுகிக் குடும்பப்பெயராயிற்று. பெரும்பாலும் அவ்விடை தகப்பனாரைக் குறித்தது. பண்ணையடிமைகளின் விஷயத்தில் சில வேளைகளில் எஜமானரையும் குறித்தது.

உக்ரைனில் வழங்கும் 'என்கோ' வேறு சுபாவமுள்ளது. அது உடைமையைச் சொல்லவில்லை. சிறுமையும் செல்லமும் கலந்து, இன்னாருடைய குட்டிப்பிள்ளை என்று சொல்லுகிறது. நீப்பர் நதியின் இரு கரைகளிலும், கீவ், செர்னிஹிவ், பொல்த்தாவா முதலிய பிரதேசங்களில் கொல்லன் மகன் கொவாலென்கோ, நெசவாளி மகன் த்காச்சென்கோ, பீப்பாய் செய்கிறவன் மகன் பொந்தரென்கோ, குயவன் மகன் ஹொன்சரென்கோ, கோயிற்பிள்ளையின் மகன் பொனொமரென்கோ. மேற்கே வொலினுக்கும் பொதில்யாவுக்கும் போனால் அதே கொல்லன் மகன் கொவால்சுக் ஆகிறான். அதே நெசவாளி மகன் த்காசுக் ஆகிறான். சுதந்திர உக்ரைனின் முதல் ஜனாதிபதியான க்ராவ்சுக் பெயரளவில் ஒரு தையற்காரர் மகன். தொழிற்பெயரின்மேல் எந்த வாலும் ஒட்டாமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இன்று உக்ரைனில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயராகிய மெல்னிக், மாவாலைக்காரர் என்பதன்றி வேறன்று.

இன்னும் மேற்கே, வெகுகாலம் போலந்து மன்னர்களின்கீழும் பின்பு ஆஸ்திரியச் சக்கரவர்த்திகளின்கீழும் இருந்த கலீசியாவில், என் மனத்தை மிகவும் கவர்ந்த ஒரு விகுதி இருக்கிறது. அவ்விடத்துக் கிராமங்களில் ரோமன் என்பவனின் மனைவியை ரோமனிகா என்றும், வாசில் என்பவனின் மனைவியை வாசிலிகா என்றும் அழைப்பார்கள். அவளுடைய பிள்ளை ரோமனிஷின், வாசிலிஷின். தகப்பனாரின் பெயர் தாயின் மீது ஏறி, தாயின் வழியாகப் பிள்ளைக்கு இறங்குகிற விந்தை இது. கணவன் இறந்தபின் குடித்தனத்தைத் தன் தோளில் தாங்கிய பெண்ணின் பெயராலேயே பிள்ளைகள் ஊரில் அறியப்பட்டமைக்கு இஃது அடையாளம் என்று கொள்ளுவர். ருஷ்யாவிலும் தாய்வழிப் பெயர்கள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவை இப்படி ஒரு பிரதேசத்துக்கே முத்திரையாகும் அளவுக்குப் பெருகவில்லை.

ஜோசியம் பலிக்கிற பாதி இவ்வளவே. இனி அது பிசகுகிற இடம். உக்ரைனின் தேசியக் கவியாகிய தராஸ் ஷெவ்சென்கோ 1814ஆம் ஆண்டு மொரின்த்ஸி என்னும் கிராமத்தில் ஒரு பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். ஷ்வெத்ஸ் என்றால் பாதரக்ஷை தைப்பவர். கவியின் பாட்டனார் இவான் உள்ளபடியே அத்தொழில் செய்தவராதலால், ஷெவ்சென்கோ என்னும் பெயர் அவ்வீட்டுக்குப் பொருந்தியே இருந்தது. ஆனால் அதே குடும்பத்துக்கு ஹ்ருஷிவ்ஸ்கி என்று இன்னொரு பெயரும் வழங்கிற்று. கவியின் உருவச்சித்திர ஆசானாகிய ப்ரியுல்லோவ் தீட்டிய படம் ஒன்றைச் சீட்டுக் குலுக்கலில் விற்று, அதில் கிடைத்த 2,500 ரூபிள்களை எஜமானருக்குக் கொடுத்து, 1838இல் நண்பர்கள் அவரை விடுதலை செய்வித்தபோது, எந்தப் பெயர் சரித்திரத்தில் நிற்கும் என்பது விதியின் கையில் மட்டுமன்று, தஸ்தாவேஜு எழுதியவனின் கையிலும் இருந்தது. இன்று உக்ரைன் தேசம் முழுவதும் தன்னுடைய ஆன்மாவின் பெயராகக் கொண்டாடுகிற அந்த 'என்கோ' சற்றே தவறியிருந்தால், நமது ஜோசியர்கள் அவரைப் போலந்துக் கலப்பு என்று தள்ளியிருப்பார்கள்.

'ஸ்கி' என்பதை அப்படித் தள்ளுவதும் அறியாமையே. அது ஊரைச் சேர்ந்தவன் என்று பொருள்படுவது; நிலமுடைய பிரபுக்கள் முதலில் தரித்துக்கொண்ட ஆபரணம்; பிறகு குருமார், யூதர், குடியானவர் என்று எல்லாரிடமும் பரவியது. தாஸ்தயேவ்ஸ்கியின் மூதாதையர் 1506ஆம் ஆண்டில், அந்நாளைய லித்துவேனிய ராஜ்யத்தில், தாஸ்தயேவா என்னும் கிராமத்தை மானியமாகப் பெற்றவர்கள். அந்தக் கிராமம் இன்று பெலாருஸில் இருக்கிறது. நாவலாசிரியரின் பாட்டனாரோ உக்ரைனின் பொதில்யாவில் ஒரு கிராமத்துக் குருவானவர். ருஷ்ய ஆத்மாவின் ஆழத்தைக் கண்டு சொன்னவர் என்று உலகம் போற்றுகிற மனிதரின் பெயர், இவ்வாறு மூன்று தேசங்களின் மண்ணை மிதித்து வந்திருக்கிறது.

உக்ரைனியப் பெயர்களிலே அரசாங்கத்து எழுத்தனின் வாசனை சிறிதும் இல்லாதவை உண்டென்றால், அவை நீப்பர் நதியின் அருவிகளுக்கு அப்பால் ஸபொரோஷியக் கொசாக்குகளின் பாசறையில் பிறந்தவையே. எஜமானனுக்குத் தப்பி ஓடிவந்த அடிமையும், கடனுக்கு அஞ்சி வந்த குடியானவனும், வீரத்துக்கு ஆசைப்பட்டு வந்த வாலிபனும் அப்பாசறையில் புகுந்தவுடன் பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோழர்கள் சூட்டுகிற புதுப்பெயரை ஏற்கவேண்டும் என்பது சம்பிரதாயம். தேடி வருகிற எஜமானனின் ஆட்களுக்குத் துப்புக் கிடைக்காமற் செய்ததோடு, அந்தப் பெயர்கள் தோழர்களின் பரிகாசத்துக்கும் இடங்கொடுத்தன. குள்ளனுக்குப் பூதாகாரமானவன் என்றும், ஆஜானுபாகுவுக்குக் குட்டையன் என்றும் எதிர்ப்பதமாகவே பெயரிட்டார்கள். நெபிய்வோதா என்றால் 'தண்ணீர் குடிக்காதே'. அவன் வேறென்ன குடித்தான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உபிய்வோவ்க் 'ஓநாயைக் கொல்', பெரெபிய்நிஸ் 'மூக்கை உடை', க்ரிவொநிஸ் 'கோணல் மூக்கன்', ரியாபொகின் 'புள்ளிக்குதிரைக்காரன்'. இவற்றில் பல ஏவல் வினைகளாயிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் ஏவி, சீண்டி, சிரித்துத் தீர்த்தவர்களின் குரல் அவற்றில் இன்னும் கேட்கிறது. போலந்தை எதிர்த்தெழுந்த கொசாக்குத் தலைவர் பொஹ்தான் ஹ்மெல்நித்ஸ்கியின் தளகர்த்தர்களில் ஒருவரான மக்ஸிம் க்ரிவொநிஸின் பெயரைக் கேட்டுப் போலந்துப் பிரபுக்கள் நடுங்கினர். அந்த மகாவீரனின் பட்டப்பெயர் அவனுடைய மூக்கிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் வெட்கமிருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பெயர்களை நாம் அறிவதற்குப் பேருதவியாயிருப்பது 1649ஆம் ஆண்டில், போலந்தோடு செய்துகொண்ட ஸ்போரிவ் உடன்படிக்கையை அடுத்துத் தயாரான கொசாக்குப் படைப் பதிவேடு. ஏறக்குறைய 40,000 பேர் அணிவாரியாக அதில் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பல பாகங்களில் குடியானவனுக்குப் பெயரேது என்றிருந்த காலத்தில், கொசாக்கு தன்னுடைய பெயரோடு ஏட்டில் ஏறினான்; ஏறியது வரி கொடுப்பதற்காக அன்று, சுதந்திர வீரன் என்னும் உரிமையை நிலைநாட்டுவதற்காக. எழுத்தனின் ஏட்டைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகப் பேசுகிறேனாதலால், ஏட்டில் இடம்பெறுவதே பெருமையாயிருந்த இந்த ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லியாக வேண்டும்.

மாஸ்கோவின் பக்கம் திரும்பினால், ராஜவம்சமே ஒரு வேடிக்கையான பாடம் கற்பிக்கிறது. ரோமனோவ் வம்சத்தின் மூலபுருஷர் பதினாலாம் நூற்றாண்டில் இருந்த அந்திரெய் கொபிலா. கொபிலா என்றால் பெட்டைக்குதிரை. அவருடைய மகன் பியோதர் கோஷ்கா. கோஷ்கா என்றால் பூனை. பூனையின் சந்ததியார் கோஷ்கின்கள். அவர்களில் ஸகாரி என்பவரின் வழியினர் ஸகாரின்கள். அவர்களில் யூரி என்பவரின் பிள்ளைகள் யூரியெவ்கள். யூரியின் மகன் ரோமனின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் ரோமனோவ் என்னும் பெயர் நிலைத்தது. ரோமனின் மகள் அனஸ்தாஸியா பயங்கர இவானின் பட்டமகிஷியானாள். 1613இல் மிகயீல் ரோமனோவ் சிங்காசனம் ஏறினார். தலைமுறைக்கொரு பெயராக மாறிக்கொண்டு வந்த வம்சம் இன்னும் ஒரு தலைமுறை பொறுத்து அரசு கட்டில் ஏறியிருந்தால், உலக சரித்திரத்தில் நாம் நிகீத்தின் வம்சம் என்று படித்திருப்போம்.

பெட்டைக்குதிரை என்றவுடன் செகாவ் 1885இல் எழுதிய ஒரு சிறுகதை ஞாபகத்துக்கு வருகிறது. பல்வலியால் துடிக்கிற ஓய்வுபெற்ற தளபதி ஒருவரிடம், சராத்தோவ் நகரத்தில் மந்திரத்தால் பல்வலி தீர்க்கும் கலால் உத்தியோகஸ்தர் ஒருவர் இருக்கிறார், தந்தியடித்தாலே போதும் என்கிறார் அவருடைய காரியஸ்தர். ஆனால் அந்த மந்திரவாதியின் குடும்பப்பெயர் மறந்துபோகிறது. குதிரை சம்பந்தப்பட்ட பெயர் என்பது மாத்திரம் நினைவிருக்கிறது. வீடு முழுவதும், சமையற்கட்டு முதல் தோட்டம் வரையில், குதிரையிலிருந்தும் குதிரைக்குட்டியிலிருந்தும் சேணத்திலிருந்தும் கடிவாளத்திலிருந்தும் பிடரிமயிரிலிருந்தும் குளம்பிலிருந்தும் பெயர்களை உண்டாக்கிக் கூவுகிறார்கள். சரியான பெயரைச் சொல்பவருக்கு வெகுமதி என்கிறார் தளபதி. கடைசியில் வைத்தியர் வந்து பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது தம் குதிரைக்குத் தீவனம் விலைக்குக் கேட்க, அப்போதுதான் காரியஸ்தருக்குப் பெயர் நினைவுக்கு வருகிறது: ஓட்ஸ் தானியத்தின் பெயரால் அமைந்த ஓவ்ஸோவ். ஒரு தேசத்தின் குடும்பப்பெயர்கள் எந்தப் பொருளிலிருந்தும் பிறக்கக்கூடியவை என்பதை இதைவிட இலகுவாக எந்தப் பண்டிதரும் விளக்கியதில்லை. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பொரீஸ் உன்பெகாவுன் 1972இல் வெளியிட்ட ருஷ்யக் குடும்பப்பெயர் ஆராய்ச்சி மகத்தான நூல்தான். ஆயினும் எனக்குச் செகாவின் நாலைந்து பக்கங்களே அதற்குப் பாயிரமாகத் தோன்றுகின்றன.

க்ரெம்ளின் மாளிகையில் கடந்த எழுபது ஆண்டுகளில் வீற்றிருந்தவர்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: க்ருஷ்சேவின் பெயருக்குள் ஒரு வண்டு இருக்கிறது, கொர்பசேவின் பெயருக்குள் ஒரு கூனன், யெல்த்ஸினின் பெயருக்குள் ஓர் ஆற்றுமீன், மெத்வெதேவின் பெயருக்குள் ஒரு கரடி. பட்டப்பெயர் இட்ட முன்னோரின் நகைச்சுவை, அதிகாரத்தின் உச்சி வரையில் கூடவே ஏறி வந்திருக்கிறது.

திருஷ்டிக்கு அஞ்சி இட்ட பெயர்களும் அநேகம். கிறிஸ்தவம் பரவிய பின்னும் நெடுங்காலம், கோயிலில் இட்ட ஞானஸ்நானப் பெயரோடு வீட்டில் ஒரு பெயரும் குழந்தைக்கு இருந்தது. அழகான குழந்தையை அசுத்த ஆவிகள் கண்வைக்குமென்று அதை 'அழகில்லாதவன்' என்னும் பொருளில் நெக்ராஸ் என்றார்கள். அந்த அச்சத்தின் சந்ததிதான் ருஷ்யக் கவி நெக்ராஸோவ். குப்பை என்றும் பிச்சை என்றும் பிள்ளைக்குப் பெயரிட்டு யமனை ஏமாற்றிய நம் பாட்டிமாருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. எதிர்பாராமல் பிறந்தவன் நெஷ்தான், மூன்றாவதாகப் பிறந்தவன் த்ரெத்யாக், உறைபனியில் பிறந்தவன் மொரோஸ். நெஷ்தானோவ், த்ரெத்யாகோவ், மொரோஸோவ் என்னும் குடும்பங்கள் இவ்வாறு கிளைத்தன. மாஸ்கோவிலே புகழ்பெற்ற சித்திரசாலையை ஸ்தாபித்த வணிகர் த்ரெத்யாகோவின் பெயரில், யாரோ ஒரு தாயின் மூன்றாம் பிரசவம் பதிவாகியிருக்கிறது.

இதுவரை சொன்னவை மக்களின் வாயில் பிறந்த பெயர்கள். எழுதுகோலில் பிறந்தவை வேறு வகை. ருஷ்யத் திருச்சபையின் குருமடங்களில், கிராமத்துக் குருமாரின் பிள்ளைகள் பெயரில்லாமலோ, ஏளனத்துக்கு இடமான பெயரோடோ வந்து சேர்ந்தபோது, மடத்துத் தலைவர்கள் தம் இஷ்டப்படி நல்ல பெயர்களைச் செய்து கொடுத்தார்கள். கிறிஸ்து பிறப்புத் திருநாளின் பெயரால் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி, உயிர்த்தெழுதலின் பெயரால் வொஸ்க்ரெஸென்ஸ்கி, திரித்துவத்தின் பெயரால் த்ரொயித்ஸ்கி. லத்தீன் படித்தவர்களுக்கு அதுவும் போதவில்லை. முதலாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தியின் ஆலோசகராக இருந்து அரசியற் சீர்திருத்தங்களை வகுத்தவரும், பின்னர் ருஷ்யச் சட்டங்களைத் தொகுத்தவருமான ஸ்பெரான்ஸ்கி, குடும்பப்பெயரில்லாத ஒரு கிராமக் குருவின் பிள்ளை. நம்பிக்கை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வ்லதீமிர் குருமடத்தில் சேர்ந்தபோது கிடைத்தது அவருடைய பெயர்.

பிரபுக்களின் எழுதுகோல் இதைவிடக் குரூரமானது. விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை தன் பெயரைத் தரமாட்டான். தராமலிருக்கவும் மனம் வராது. ஆகவே தலையை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பான். நார்வா யுத்தத்தில் பிடிபட்டு ஸ்வீடனில் கைதியாயிருந்த இளவரசர் இவான் த்ருபெத்ஸ்கோய்க்கு 1704இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த மகன் பெத்ஸ்கோய். இளவரசர் ரெப்நினின் மகன் ப்நின். அரைப்பெயர் பெற்ற அந்தப் பெத்ஸ்கோயே பிற்காலத்தில் கேத்தரீன் சக்கரவர்த்தினியின் ஆதரவில் பெண்கல்விக்கென 1764இல் தோன்றிய ஸ்மோல்னி வித்யாசாலைக்கும், மாஸ்கோவில் கைவிடப்பட்ட சிசுக்களுக்கான இல்லத்துக்கும் காரணபுருஷரானார் என்பதை எண்ணும்போது, அந்த வெட்டுண்ட பெயர் அவர் நெஞ்சில் எங்கேயோ உறுத்திக்கொண்டே இருந்திருக்குமென்று எனக்குத் தோன்றுகிறது.

தகப்பனார் பெயரோடு வருகிற 'விச்' கூட ஒரு காலத்தில் எல்லாருக்கும் உரியதன்று. மாஸ்கோவிலிருந்து வெளிவந்த ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்த தலைமுறையினர், ஒரே பாத்திரத்தை இவான் இவானொவிச் என்றும் வேறொரு குடும்பப்பெயராலும் செல்லப்பெயராலும் மாறிமாறி அழைப்பதைக் கண்டு முதல் ஐம்பது பக்கங்களில் திண்டாடியது நமக்குத் தெரியும். பழைய மாஸ்கோ ராஜ்யத்திலோ பிரபுவுக்கே 'பெத்ரொவிச்'. சாமானியன் 'பெத்ரோவ் மகன்' மட்டுமே. உப்பு வியாபாரத்தில் கோடீசுவரர்களாகி ஸார் மன்னருக்கே பொருளுதவி செய்த ஸ்த்ரொகனோவ் குடும்பத்தார்க்கு 'விச்' என்று எழுதிக்கொள்ளும் உரிமை அரசாங்கக் கொடையாக வழங்கப்பட்டது. ஓர் அசையை வெகுமதியாகக் கொடுத்த அரசாங்கம் அது.

குடியானவர்களுக்குக் குடும்பப்பெயரே இல்லை, 1861இல் அடிமைத்தளை நீங்கியபோது எஜமானரின் பெயரைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அப்படிப் பெற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அதுவே எல்லாருடைய கதையுமன்று. செகாவின் பாட்டனார் 1841ஆம் ஆண்டில் தம்மையும் தம் குடும்பத்தையும் விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பண்ணையடிமை. செகாவ் என்னும் பெயர் அவருக்கு அப்பொழுதே இருந்தது. ஊருக்குள் வழங்கிய பெயரை அரசாங்கம் ஒப்புக்கொண்டதா என்பதே கேள்வி. குடும்பப்பெயர் வைத்திருப்பது உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும் என்று 1888இல் அரசாணை பிறந்தது. 1932 டிசம்பரில் ஸ்டாலின் அரசாங்கம் உள்நாட்டு அடையாளச் சீட்டைக் கொண்டுவந்த பிறகு, பெயர் என்பது போலீஸ் இலாகாவின் சொத்தாயிற்று.

இத்தனையிலும் எழுதுகோலின் வல்லமையைக் காட்ட ஒரே ஓர் உதாரணம் கேட்டால், நான் ரொஸும் குடும்பத்தையே காட்டுவேன். செர்னிஹிவ் பிரதேசத்தில் லெமெஷி என்னும் கிராமத்தில் ஹ்ரிஹோரி என்றொரு ஏழைக் கொசாக்கு இருந்தான். குடித்துவிட்டால் தன் தலையையும் அதிலுள்ள புத்தியையும் தானே வியந்து பேசுவானாதலால், புத்தி என்று பொருள்படும் 'ரொஸும்' அவனுக்குப் பட்டப்பெயராயிற்று; அவன் மனைவி ரொஸுமிகா. கலீசியாவில் பிறந்திருந்தால் அவள் பிள்ளைகள் ரொஸுமிஷின்கள் ஆகியிருப்பார்கள். அவர்களில் ஆடுமாடு மேய்த்துக்கொண்டு கோயிலில் பாடிவந்த ஒலெக்ஸியின் குரலை, 1731இல் அவ்வழியே சென்ற அரண்மனை அதிகாரி ஒருவர் கேட்டு, பீட்டர்ஸ்பர்க் அரண்மனைப் பாடகர் குழுவுக்கு அழைத்துப் போனார். அங்கே இளவரசி எலிஸபெத்தின் கண்ணும் காதும் அவன்மேல் பதிந்தன. அவள் சக்கரவர்த்தினியானபின் குடிகாரக் கொசாக்கின் மகன் 1744இல் பிரபு ரஸுமோவ்ஸ்கி ஆனான். 'ரொ' என்னும் உக்ரைனிய உச்சரிப்பு 'ர' என்னும் ருஷ்ய உச்சரிப்பாயிற்று, 'ஓவ்' ஒட்டியது, அதன்மேல் 'ஸ்கி'யும் ஒட்டியது. அவனுடைய தம்பி கிரிலோ பதினெட்டாம் வயதில் விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவனாகி, 1750 முதல் 1764 வரை உக்ரைனின் கடைசி ஹெத்மானாகவும், அதாவது கொசாக்குத் தலைவனாகவும், இருந்தான். அவனோடு அந்தப் பதவியையே கேத்தரீன் ஒழித்துவிட்டாள். கிரிலோவின் மகன் வியன்னாவில் ருஷ்ய ஸ்தானாதிபதியாயிருந்தபோது, 1806இல் பேத்தோவன் அவனுக்காக இயற்றிய மூன்று நால்வாத்திய இசைப்படைப்புகள் இன்றும் ரஸுமோவ்ஸ்கி என்னும் பெயராலேயே வாசிக்கப்படுகின்றன. லெமெஷிச் சாராயக்கடையில் பிறந்த பட்டப்பெயர் மூன்று தலைமுறைக்குள் ஐரோப்பிய சங்கீத மண்டபங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பெயரை ருஷ்யப் பெயர் என்பதா, உக்ரைனியப் பெயர் என்பதா?

மாறிய பெயர்களில் இலக்கியவாசிகளின் பங்கும் உண்டு. பொல்த்தாவாப் பிரதேசத்துப் பிள்ளையாகிய கோகொல், ஹொஹொல்-யனோவ்ஸ்கி என்னும் இரட்டைப் பெயரோடு பீட்டர்ஸ்பர்க் வந்து, பின்பாதியைக் கழற்றிவிட்டு, ஒரு வாத்தினத்தின் பெயராகிய முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். ருஷ்யக் கவிதையின் மகாராணி என்று போற்றப்படும் அன்னா அஹ்மாத்தவா, 1889இல் ஒடெஸ்ஸாவுக்கு அருகே பிறந்தபோது அன்னா கொரென்கோ. கவிதை எழுதித் தம் பெயரைக் கெடுக்கவேண்டாமென்று தகப்பனார் சொல்ல, தாய்வழி மூதாட்டி ஒருத்தியின் தாத்தாரியப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். உக்ரைனிய வாலைக் கழற்றி, தாத்தாரியத் தலையை வைத்துக்கொண்டு, ருஷ்ய பாஷையில் அமரத்துவம் பெற்றவரை எந்தக் கட்டத்தில் அடைப்பார்கள் நமது ஜோசியர்கள்?

புரட்சிக்காரர்கள் பெயர் விஷயத்தில் யாரையும் கேட்கவில்லை. பெஷ்கோவ், கசப்பு என்று பொருள்படும் கார்க்கியானார்; ஸ்க்ரியாபின், சம்மட்டியின் பெயரால் மொலொதோவ் ஆனார்; ஜார்ஜியாவின் ஜுகஷ்விலி, எஃகின் பெயரால் ஸ்டாலின் ஆனார். அந்தப் புனைபெயருக்கு நம் நாட்டில் நேர்ந்த மறுபிறப்பு ஊரறிந்தது: 1953 மார்ச் 1இல் மு. கருணாநிதிக்குப் பிறந்த பிள்ளைக்கு, அதே மாதம் 5ஆம் தேதி இறந்த ஸ்டாலினின் பெயர் இடப்பட்டது. அங்கே குடும்பப்பெயரின் ஸ்தானத்தில் இருந்தது, இங்கே இடுபெயராகி, தகப்பனாரின் முதலெழுத்துக்களைத் தலையில் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இனி, யுத்தத்துக்கு வருவோம். ருஷ்ய ஜனாதிபதி புடின் 2021 ஜூலையில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், ருஷ்யரும் உக்ரைனியரும் ஒரே ஜனங்கள் என்று வாதிட்டார். அவ்வாதத்துக்கு ஆதரவாக, இரு நாட்டிலும் இரு நாட்டுப் பெயர்களும் கலந்து கிடக்கின்றனவே என்று நம்மவர் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை மறுக்கப் புகுந்த வேறு சிலர், 'என்கோ' வேறு 'ஓவ்' வேறு, ஆகவே ஜாதி வேறு என்கிறார்கள். இருசாராரும் ஒரே ஏட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் கருத்து. உக்ரைன் தனித் தேசமா என்னும் கேள்விக்கு விடை பெயர்களின் விகுதியில் இல்லை. 1991 டிசம்பர் 1ஆம் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சுதந்திரத்தை ஆதரித்தார்களே, அதில் இருக்கிறது. அப்படி வாக்களித்தவர்களில் இவானோவ்களும் பொப்போவ்களும் இலக்ஷக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

2022இன் தொடக்கத்தில் கீவ் நகரத்தின் பாதுகாப்பை நடத்தியவரும், 2024 பிப்ரவரியில் உக்ரைனின் பிரதம சேனாதிபதியாக நியமனம் பெற்றவருமான ஒலெக்ஸாந்தர் ஸிர்ஸ்கி, ருஷ்யாவின் வ்லதீமிர் மாகாணத்தில் பிறந்த ருஷ்யர். 2023 செப்டம்பரில் உக்ரைனின் பாதுகாப்பு மந்திரியான ருஸ்தெம் உமேரோவ், க்ரைமியத் தாத்தாரிய முஸ்லிம். ஸ்டாலின் 1944இல் அவ்வினம் முழுவதையும் க்ரைமியாவிலிருந்து வாரியெடுத்து மத்திய ஆசியாவில் எறிந்ததனால் உஸ்பெகிஸ்தானில் பிறக்க நேர்ந்தவர். உமர் என்னும் முஸ்லிம் பெயரின்மேல் 'ஓவ்' ஒட்டியது ருஷ்ய அரசாங்கத்தின் காரியாலயப் பழக்கம். எதிர்ப்பக்கத்தில், அந்நிய மண்ணில் ருஷ்யச் சேனையைப் பிரயோகிக்க 2022 பிப்ரவரி 22ஆம் தேதி அனுமதி வழங்கிய மாஸ்கோ மேல்சபைக்குத் தலைமை வகித்தவர் வலெந்தினா மத்வியென்கோ. உக்ரைனின் ஷெபெத்திவ்கா நகரத்தில் பிறந்தவர் அவர். ஆனால் பிறந்த வீட்டுப் பெயர் த்யூத்தினா. 'என்கோ' என்னும் உக்ரைனிய வால், லெனின்கிராதில் படிக்கும்போது மணந்துகொண்ட கணவர் வழியாக வந்தது.